ஹெஸ்ரர் பிறின்னின் இரு மௌனங்கள்

நதானியேல் ஹோதோர்ண் எழுதிய 'செந்நிற எழுத்து' என்னும் நாவலைப் பற்றிய உரையாடல் எங்கு தொடங்கினாலும் விரைவில் ஒரு கேள்வியில் வந்து நிற்பதைக் காணலாம். அதில் வரும் மூவருள் பெரும் பாவி யார்? கணவன் இருக்க இன்னொருவனைக் கூடிப் பிள்ளை பெற்ற ஹெஸ்ரரா? அவளை மேடையிலே தனியே நிற்கவிட்டுத் தன் பெயரைக் காத்துக்கொண்ட போதகர் டிம்ஸ்டேலா? ஏழாண்டுக் காலம் அந்தப் போதகரின் அருகிருந்து அவருள்ளத்தைக் கிளறிக்கொண்டிருந்த வைத்தியர் சில்லிங்வேர்த்தா? பரீட்சை வினாத்தாளுக்கு இக்கேள்வி மிகப் பொருத்தமானது. ஆளுக்கொரு பத்தியாக எழுதி முடித்துவிடலாம். விடையும் நாவலுக்குள்ளேயே கிடைக்கிறது. அக்கிழவனின் பழிவாங்கல் நம்முடைய பாவத்திலும் கரியது என்று பதினேழாம் அதிகாரத்தில் டிம்ஸ்டேலே தீர்ப்புக் கூறிவிடுகிறார். ஆனால் ஒரு பாத்திரம் தனக்கு ஆறுதல் தேடிக் கூறும் தீர்ப்பைத் திறனாய்வாளரும் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டுமா என்பது வேறு கேள்வி.

பாவங்களை நிறுத்துப் பார்க்கும் இம்முறை நாவலின் அமைப்புக்கே மாறானது. 1850ஆம் ஆண்டு பொஸ்ரனில் வெளிவந்த இந்நாவல் இருபத்துநான்கு அதிகாரங்கள் கொண்டது. ஹெஸ்ரரும் டிம்ஸ்டேலும் காதல்கொண்டது எவ்வாறு, யார் முதலிற் பேசினார், எத்தனை நாள் நீடித்தது என்பவை பற்றி அதில் ஒரு வரி கூட இல்லை. மூன்று மாதக் குழந்தையைக் கையிலேந்தி அவள் சிறை வாயிலில் வெளிப்படும்போதுதான் கதை தொடங்குகிறது. குற்றம் நடந்து முடிந்துவிட்டது. அதன்பின் இம்மனிதர் ஒருவரோடொருவர் கொண்ட உறவே நாவலின் பொருளாகிறது. அவ்வுறவுகளை இயக்குவது பேச்சு அன்று. யாருக்கு யார் எதைச் சொல்லாமல் விட்டனர் என்பதே.

ஹென்றி ஜேம்ஸ் 1879இல் ஹோதோர்ண் பற்றி எழுதிய நூலில், முதற் காட்சிக்குப் பின்னர் ஹெஸ்ரர் துணைப் பாத்திரமாகிவிடுகிறாள் என்றும், கதை உண்மையில் காதலனுக்கும் கணவனுக்கும் இடையிலேயே நிகழ்கிறது என்றும் கருதினார். இது கூர்மையான அவதானம். இரு ஆடவருக்குமிடையிலான உறவே நாவலின் மிக நெருக்கமான உறவு என்பதை நானும் ஏற்கிறேன். ஆயினும் ஜேம்ஸ் ஒன்றைக் கவனிக்காது விட்டார் என்றே தோன்றுகிறது. அவ்விருவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்வது எதனால் சாத்தியமாயிற்று? ஒரு பெண் சிறையிலே கொடுத்த வாக்கினால். அவள் வாய்திறந்திருந்தால் ஒன்பதாம் அதிகாரத்திலிருந்து நாவல் முன்செல்ல இடமில்லை. ஹெஸ்ரர் இரண்டு மௌனங்களைக் காக்கிறாள். ஒன்று ஊருக்கெதிரானது. மற்றது, அறிந்தோ அறியாமலோ, தன் காதலனுக்கே எதிரானது. முதல் மௌனத்தை வியக்கும் வாசகர் இரண்டாவதைப் பெரும்பாலும் மறந்துவிடுகின்றனர்.

முதல் மௌனத்தின் கனத்தை அறியச் சட்டத்தை நோக்குதல் வேண்டும். பியூரிற்றன் எனப்பட்ட தூய்மைவாதக் கிறித்தவர் நிறுவிய மசச்சூசெற்ஸ் குடியேற்றத்தில் விபசாரம் மரண தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. 1644இல் ஒரு பெண்ணும் ஓர் ஆணும் அக்குற்றத்துக்காகத் தூக்கிலிடப்பட்டமை வரலாறு. நாவலின் காலமும் ஏறத்தாழ அதுவே. ஆளுநர் வின்த்ரொப் இறந்த இரவு அதில் இடம்பெறுகிறது. அவர் இறந்தது 1649இல். ஹெஸ்ரரின் கணவன் கடலில் மாண்டிருக்கக்கூடும் என்ற எண்ணத்தாலும், இளமையில் வழுவினாள் என்ற இரக்கத்தாலும் நீதிபதிகள் அவளைக் கொல்லாது விடுகின்றனர். மூன்று மணி நேரம் மேடையில் நிற்றல், ஆயுள் முழுவதும் 'ஏ' என்னும் எழுத்தை மார்பில் அணிதல் என்பனவே தண்டனை. ஆனால் ஆணின் பெயர் வெளிப்பட்டால் அவனுக்கு என்ன நேரும் என்பதை எவரும் கூறவில்லை. அவள் மறைப்பது ஒரு மனிதனின் மானத்தை மட்டுமல்ல, உயிரையும்தான்.

மேடையில் அவளிடம் பெயரைக் கேட்பவர்களுள் டிம்ஸ்டேலும் ஒருவர். முதுபோதகர் வில்சன் வற்புறுத்த, இளம்போதகர் முன்வந்து பேசுகிறார். அப்பேச்சை ஒருமுறை படித்தால் கடமையுரை. அவரே அந்த ஆண் என்பதை அறிந்தபின் மீண்டும் படித்தால் அது வேறொன்று. தவறான இரக்கத்தால் அவனைக் காக்காதே. உயர்ந்த இடத்திலிருந்து இறங்கி உன்னருகில் அவன் நிற்க நேர்ந்தாலும் வாழ்நாளெல்லாம் குற்றமுள்ள நெஞ்சை மறைப்பதிலும் அது நன்று. தானே துணிந்து பருகும் வலிமை அவனுக்கு இல்லாதிருக்கலாம், அக்கசப்பான கிண்ணத்தை அவனுக்கு மறுத்துவிடாதே என்ற பொருள்பட அவர் மன்றாடுகிறார். இதைப் பாசாங்கு என்று தள்ளிவிடுதல் எளிது. என் கருத்தில், நாவல் முழுவதிலும் அவர் கூறும் மிக உண்மையான சொற்களுள் இவையும் அடங்கும். தம்மால் இயலாததைத் தமக்காகச் செய்யுமாறு அவர் உள்ளபடியே வேண்டுகிறார். ஆனால் அதன் பாரத்தையும், அதன் பின்வரும் பழியையும், அவளே ஏற்க வேண்டுமென்கிறார். அவள் மறுக்கிறாள். அவன் வேதனையையும் தன் வேதனையோடு சேர்த்துத் தானே தாங்க முடியாதா என்று ஏங்குகிறாள். கூட்டத்துக்குக் கேளாத குரலில், ஒரு பெண்ணுள்ளத்தின் பெருந்தன்மையை டிம்ஸ்டேல் வியந்துகொள்கிறார். அந்த வியப்பில் நன்றி உண்டு. நிம்மதியும் உண்டு. அந்த நிம்மதியை அவரால் இறுதிவரை மன்னிக்க முடியவில்லை.

அகப்பொருள் மரபிற் பயின்ற நமக்கு இங்கே ஓர் எண்ணம் எழுவது இயல்பு. அலர் பரவிய வேளையில் காதலை உரியவரிடம் வெளிப்படுத்துதலை நம் இலக்கணகாரர் 'அறத்தொடு நிற்றல்' என்றனர். வெளிப்படுத்துதலே அறத்தின் பக்கம் நிற்றல். பொஸ்ரன் நீதிபதிகள் ஹெஸ்ரரிடம் வேண்டுவதும் சொல்லளவில் அதுவே. ஒப்புமையை இதற்குமேல் நீட்டுதல் தகாது. களவு வரைவில் முடியும் என்ற நம்பிக்கை அம்மரபுக்கு அடித்தளம். ஹெஸ்ரரின் உலகில் அவ்வழி அடைபட்டுவிட்டது. அவள் மறைத்தே அறத்தொடு நிற்கிறாள்.

அதே மேடையில், அதே மணித்தியாலத்தில், இரண்டாவது மௌனமும் பிறக்கிறது. கூட்டத்தின் ஓரத்தில், செவ்விந்தியன் ஒருவனின் அருகில், ஒரு தோள் சற்று உயர்ந்த முதியவன் ஒருவன் நிற்பதை ஹெஸ்ரர் காண்கிறாள். இரண்டாண்டுகளாகக் காணாதிருந்த அவளுடைய கணவன். அவள் தன்னை அறிந்துகொண்டாள் என்று கண்டதும் அவன் மெல்ல விரலை உயர்த்தி உதட்டில் வைக்கிறான். ஊரே அவளைப் பேசென்று வற்புறுத்த, ஒருவன் மட்டும் பேசாதே என்று சைகை காட்டுகிறான். முதல் வாசிப்பில் இச்சைகை கண்ணிற்பட்டு மறைந்துவிடும். நாவல் முழுவதையும் படித்தவருக்கு மறக்க முடியாதது.

நான்காம் அதிகாரத்துச் சிறைக்காட்சியை ஹோதோர்ணின் உரையாடற் கலைக்கு ஒரு சிறந்த சான்றாகக் கொள்ளலாம். வைத்தியனாக உள்ளே வரும் சில்லிங்வேர்த் குழந்தைக்கு மருந்து கொடுக்கிறான்; ஹெஸ்ரருக்கும் கொடுக்கிறான். நஞ்சோ என அவள் அஞ்சுகிறாள். அவன் அவளைக் கொல்ல வரவில்லை. ஏசவும் இல்லை. மாறாக, முதல் தவறு தன்னுடையதே என்று ஒப்புக்கொள்கிறான். நூல்களுக்கிடையே முதுமையடைந்த தான், அவளுடைய இளமையைத் தன் தளர்ச்சியோடு இயற்கைக்கு மாறான ஓர் உறவிற் பிணைத்தது பிழை என்கிறான். நாமிருவரும் ஒருவருக்கொருவர் தீங்கிழைத்தோம், கணக்குச் சரியாயிற்று என்பதே அவன் நிலைப்பாடு. இந்த நேர்மை உண்மையானது. அதனாலேயே ஆபத்தானது. மனைவியிடம் கணக்கைத் தீர்த்துவிட்ட மனிதன் எஞ்சிய முழுக் கணக்கையும் மற்றவனிடம் வசூலிக்கப் போகிறான்.

பெயரை அவனும் கேட்கிறான். அவள் அவனுக்கும் மறுக்கிறாள். அப்பொழுதுதான் அவனுடைய அறிவின் கூர்மை வெளிப்படுகிறது. இவளிடம் எதைக் கேட்டால் கிடைக்காது என்பதை அறிந்தவுடன், எதைக் கேட்டால் கிடைக்கும் என்பதையும் அவன் அறிந்துகொள்கிறான். காதலனின் இரகசியத்தைக் காப்பவள் என்னுடையதையும் காக்கட்டும் என்கிறான். மறுத்தால், அந்த மனிதனின் புகழும் பதவியும் உயிரும் என் கைகளில் இருக்கும், எச்சரிக்கை என்கிறான். அவள் சத்தியம் செய்கிறாள். அவனுடைய இரகசியத்தைப் போலவே உன்னுடையதையும் காப்பேன் என்று அவள் சொல்லும்போது இரு மௌனங்களும் ஒரே முடிச்சில் விழுந்துவிடுகின்றன. காப்பதற்காகக் கொண்ட மௌனமே காட்டிக்கொடுப்பதற்கும் கருவியாகிறது. அவளுக்கும் உள்ளூர ஐயம் எழாமலில்லை. என் ஆன்மாவை அழிக்கும் உடன்படிக்கையில் என்னைப் பிணைத்துவிட்டாயா என்று கேட்கிறாள். உன்னுடைய ஆன்மாவை அல்ல என்பது அவன் விடை. அதிகாரம் அத்துடன் முடிகிறது.

அவள் ஏன் இணங்கினாள்? அச்சம் என்பது வெளிப்படையான விடை. ஆனால் எதைப் பற்றிய அச்சம் என்று கேட்கவேண்டும். டிம்ஸ்டேலின் பெயர் கெடும், உயிர் போகும் என்று அஞ்சினாள். அவருடைய மனத்துக்குள் ஒரு பகைவன் குடியேறுவான் என்பதை அவள் எண்ணிப்பார்க்கவில்லை. பின்னாளில் ஊரின் எல்லா அளவுகோல்களையும் தனிமையிலிருந்து கேள்விக்குள்ளாக்கப்போகும் இப்பெண், இந்த ஓரிடத்தில் ஊரின் அளவுகோலையே கையாள்கிறாள். பெயரே பெரிது என்று நினைக்கிறாள். ஹெஸ்ரரின் தவறு எதுவென என்னைக் கேட்டால் நான் சுட்டிக்காட்டுவது இதையே.

அச்சம் சிறையிலே கொடுத்த வாக்கை விளக்கும். ஏழாண்டு நீடிப்பை விளக்காது. வைத்தியனும் போதகரும் ஒரு விதவையின் வீட்டில் அருகருகே குடியேறியதை ஊர் அறியும், ஹெஸ்ரரும் அறிவாள். ஊரிற் சிலருக்கே அந்த வைத்தியன் முகத்தில் ஏதோ தீமை குடியிருப்பதாகத் தோன்றத் தொடங்கியது. அவளுக்குத் தோன்றவில்லையா? இக்கேள்விக்குப் பதினேழாம் அதிகாரத்தில் ஆசிரியர் ஓர் ஊகத்தைப் பணிவாக முன்வைக்கிறார். தன் துயரில் மனிதரையே வெறுத்திருந்த காலத்தில், போதகரின் விதி தன்னுடையதிலும் தாங்கக்கூடியது என எண்ணி அவள் அவரை அதனோடு விட்டிருக்கலாம் என்பது அதன் சாரம். நாவலின் மிக நுண்ணிய உளவியற் குறிப்புகளுள் ஒன்றாக இதனைக் கருதுகிறேன். ஹெஸ்ரரைத் தியாகத்தின் வடிவமாகக் காண விரும்பும் வாசகருக்கு இது கசப்பானது. மார்பில் எழுத்தைச் சுமந்து, மணப்பெண்ணின் முகத்திரையைத் தவிர ஊரார்க்கெல்லாம் பூவேலை செய்துகொடுத்து, தெருவிற் சிறுவரின் வசையையும் பிரசங்கிகளின் கண்டனத்தையும் ஏற்று வாழ்ந்த ஒருத்தி, வெண்மையான பெயரோடு பிரசங்கபீடத்தில் நிற்கும் ஒருவரைப் பார்த்து, அவருக்கென்ன குறை என்று ஒருகணமேனும் நினைக்கமாட்டாளா? வெறுப்பு என்று அதற்குப் பெயரிட முடியாது. நேசிப்பவரிடமே எழும் மனத்தாங்கல் அது. தான் தாங்கியதை அவருக்கும் பகிர்ந்துகொடுக்க மறுத்தவள், அவர் தாங்குவதைக் காணவும் தவறிவிட்டாள்.

இனி ஜேம்ஸ் கூறிய அந்த இருவரின் உறவுக்கு வரலாம். சில்லிங்வேர்த் தொடக்கத்தில் வைத்தது அறிவாளியின் ஆவல் மட்டுமே. கணிதச் சிக்கலை அணுகுவதுபோல் உண்மையை மட்டுமே தேடுவதாக அவன் நம்பினான் என ஆசிரியர் கூறுகிறார். தேடத் தேட அந்த ஆவல் அவனைப் பற்றிக்கொண்டது. இறுதியில் அவனை விடவேயில்லை. பத்தாம் அதிகாரத்தில் கல்லறையொன்றின் மேல் முளைத்த செடிகளைக் காட்டி, புதைத்த இரகசியத்தின் முளை இது என்று அவன் பேச்சைத் தொடக்குகிறான். மனிதர் ஏன் பாவத்தை அறிக்கையிடாமல் வைத்திருக்கின்றனர் என்ற அவன் கேள்விக்கு டிம்ஸ்டேல் ஒரு காரணம் கூறுகிறார். கறைபட்டவரென்று தெரிந்தபின் அவர்களால் எந்த நன்மையும் செய்ய இயலாது. கடவுளின் மகிமையிலும் மனிதரின் நலத்திலும் உள்ள ஆர்வமே சிலரை மௌனமாக்குகிறது என்கிறார். பொய்யென்று இதை ஒதுக்கமுடியாது. துன்பப்படும் நெஞ்சிலிருந்து வருவதால் அவருடைய பிரசங்கங்கள் உண்மையிலேயே மக்களைத் தொடுகின்றன. தவறு செய்தவரின் சேவையைச் சமூகம் இழக்கவேண்டுமா என்பது எளிதில் விடைகாணக்கூடிய கேள்வியுமன்று. ஆனால் கேட்பவன் யார் என்பதை வாசகர் அறிவர், பேசுபவர் அறியார் என்பதில்தான் இக்காட்சியின் கொடுமை தங்கியுள்ளது.

அறியார் என்று முற்றாகச் சொல்லவும் இயலவில்லை. வைத்தியனை முதன்முதற் கண்டபோதும், அதன்பின் காணும் போதெல்லாமும் தம் உள்ளம் அருவருத்து விலகியதாகப் பின்னர் அவரே கூறுகிறார். விலகத் தூண்டிய உள்ளத்தை ஏன் கேட்கவில்லை? அந்த மனிதன் அவருக்குத் தேவைப்பட்டான் என்பதே என் ஊகம். ஊர் அவரைப் புனிதராகக் கொண்டாடியது. பிரசங்கபீடத்திலிருந்து தம்மைப் பாவிகளுட் கடையவன் என்று பொதுவாகப் பழித்துக்கொண்டால் அதுவும் தாழ்மை என்று போற்றப்பட்டது. அவரைத் தண்டிக்க விரும்பிய ஒரே மனிதன் அந்த வைத்தியன். ஊர் கொடுக்க மறுத்த தண்டனையை அவன் நாடோறும் கொடுத்தான். பகைக்கும் அன்புக்கும் மற்றவரின் உள்ளத்தை நெருங்கி அறிதல் பொதுவானது என்றும், இரண்டும் அடித்தளத்தில் ஒன்றாக இருக்கலாம் என்றும் ஆசிரியர் இறுதி அதிகாரத்திற் கூறுவது வெறும் தத்துவ அலங்காரமன்று. இரையை இழந்ததும் சில்லிங்வேர்த் ஓராண்டுக்குள் இறந்துபோகிறான்.

நாவலின் நடுவில், பன்னிரண்டாம் அதிகாரத்தில், நால்வரும் ஒருங்கு சேரும் இரவுக்காட்சி வருகிறது. மூன்று மேடைக்காட்சிகளின் மீது இந்நாவல் கட்டப்பட்டுள்ளது என்பதைத் திறனாய்வாளர் மத்தீசன் 1941இல் வெளிவந்த தமது நூலில் எடுத்துக்காட்டினார். ஆயினும் இவ்விரண்டாம் காட்சியில் உறவுகளின் முழுச் சிக்கலும் ஒரே கேள்வியில் திரண்டு நிற்பதை நாம் தனியே கவனிக்கவேண்டும். டிம்ஸ்டேல் யாரும் காணாத இருளில் மேடையேறி நிற்கிறார். ஹெஸ்ரரும் ஏழு வயதுப் பேர்ளும் அவ்வழியே வர, அவர்களையும் மேலழைத்துக் கைகோக்கிறார். நாளை நண்பகலில் இப்படி நிற்பாயா என்று குழந்தை கேட்கிறது. அன்று அல்ல, தீர்ப்பு நாளில் என்கிறார். வானில் எரிநட்சத்திரமொன்றின் ஒளி பரவ, கீழே சில்லிங்வேர்த் நிற்பது தெரிகிறது. டிம்ஸ்டேல் நடுங்கியபடி கேட்கிறார்: யார் அந்த மனிதன், ஹெஸ்ரர்? அவனை நான் வெறுக்கிறேன்.

ஹெஸ்ரர் தன் சத்தியத்தை நினைத்து மௌனமாயிருந்தாள்.

அவர் மீண்டும் கேட்கிறார். எனக்காக எதுவும் செய்ய முடியாதா என்கிறார். அவள் இப்போதும் பேசவில்லை. மேடையில் அவர் அவளிடம் ஒரு பெயரைக் கேட்டார். அவள் சொல்லாமல் அவரைக் காத்தாள். அதே மேடையில் இன்னொரு பெயரைக் கேட்கிறார். அவள் சொல்லாமல் அவரைக் கைவிடுகிறாள். நான் சொல்கிறேன் என்று பேர்ள் முன்வந்து, பொருளற்ற ஒலிகளை அவர் காதில் முணுமுணுக்கிறாள். கேலி செய்கிறாயா என்று கேட்பவரிடம், நீ துணிவில்லாதவன், உண்மையில்லாதவன் என்கிறாள். பேர்ளை வெறுங்குறியீடு என்று குறைகூறுவோர் பலர். அக்குறை முழுவதும் தவறன்று. பல இடங்களில் அவள் ஆசிரியரின் கைப்பாவைதான். ஆனால் இங்கே அவள் ஒரு குழந்தை. பெரியவர்கள் எல்லோரும் ஏதோ ஒன்றைச் சொல்லாமல் வாழும் வீட்டில் வளரும் குழந்தை வேறெப்படிப் பேசும்?

அந்த இரவில் அவர் உடைந்துபோயிருப்பதைக் கண்ட பின்னரே ஹெஸ்ரர் விழித்துக்கொள்கிறாள். முதலில் கணவனிடம் சென்று, இனி மறைக்க முடியாது என்று அறிவிக்கிறாள். நாகரிகமாகவே அதைச் செய்கிறாள். வாக்கை மீறுமுன் வாக்குப் பெற்றவனுக்குச் சொல்கிறாள். அவன் அவளைத் தடுக்கவில்லை. தான் ஒருகாலத்தில் அமைதியும் நல்லெண்ணமும் கொண்ட மனிதனாயிருந்ததை நினைவுகூர்ந்து, இப்போது என்னவாகிவிட்டேன் என்பதையும் அறிந்து பேசுகிறான். மன்னித்துவிடும்படி அவள் வேண்ட, அது தன் கையில் இல்லை, எல்லாம் ஊழ் என்கிறான். அவன் சென்றபின் அவள் மனத்தில் வெறுப்பு எழுகிறது. விபசாரத்துக்காக மனம் வருந்தாதவள், அவனோடு வாழ்ந்த நாட்களில் தான் மகிழ்ச்சியாயிருப்பதாக நம்பவைக்கப்பட்டதற்காக வருந்துகிறாள். அவனுடைய முதற்குற்றம் அதுவே என்று தீர்க்கிறாள். சிறையில் அவன் சரிசெய்துவிட்டதாகக் கூறிய கணக்கை அவள் ஒருபோதும் ஏற்கவில்லை என்பது இங்கே தெரியவருகிறது.

காட்டிலே அவள் உண்மையைச் சொல்கிறாள். தன் வாழ்வில் மற்றெல்லாவற்றிலும் உண்மையாயிருக்க முயன்றேன். உன் நலமும் உயிரும் பெயரும் கேள்விக்குள்ளான வேளையில் மட்டுமே வஞ்சனைக்கு உடன்பட்டேன் என்கிறாள். இதைக் கேட்ட டிம்ஸ்டேலின் முகத்தில் ஒருகணம் தோன்றும் கொடிய இருளை ஆசிரியர் மறைக்கவில்லை. இதற்கு நீயே பொறுப்பாளி, உன்னை மன்னிக்கமாட்டேன் என்கிறார். அவள் அவரைத் தழுவிக்கொண்டு விடாது மன்றாடுகிறாள். உலகம் முழுவதும் அவளைச் சுளித்த முகத்தோடு பார்த்ததை ஏழாண்டு பொறுத்தவளால் இந்த ஒருவரின் சுளிப்பைப் பொறுக்க இயலவில்லை. பின் அவர் மன்னிக்கிறார். அவளிடம் தாம் கேட்கவேண்டிய மன்னிப்பைப் பற்றி அவருக்கு நினைவே வரவில்லை! இச்சமமின்மையை ஹோதோர்ண் அறிந்தே எழுதினார் என்றுதான் நம்ப விரும்புகிறேன்.

டி. எச். லோறன்ஸ் 1923இல் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியில் ஹெஸ்ரரை, தூய மனிதனை வீழ்த்தி மகிழும் பெண்ணாகவே கண்டார். காட்டுக்காட்சியை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அவ்வாசிப்புக்கு ஓரளவு இடமுண்டு. அவளே திட்டமிடுகிறாள், எழுத்தைக் கழற்றி எறிகிறாள், கூந்தலை அவிழ்த்துவிடுகிறாள், நான்கு நாளில் பிறிஸ்ரலுக்குப் புறப்படும் கப்பலில் இடம் பிடிக்கிறாள். ஆனால் முற்பட்டவை எல்லாவற்றையும் சேர்த்துப் படித்தால், தன் இரண்டாம் மௌனத்தின் கேட்டை ஈடுசெய்ய அவசரப்படும் ஒருத்தியையே காண்கிறோம். அவரோ, புறப்பாடு தேர்தல் தினப் பிரசங்கத்துக்கு முன் அமையாமல் பின் அமைந்ததில் மகிழ்கிறார். கடமையை முடிக்காமல் போனான் என்று யாரும் சொல்லமாட்டார்களாம். ஊரைவிட்டே ஓடப்போகும் மனிதனின் இந்த மகிழ்ச்சியை ஆசிரியர் சிறிது ஏளனத்தோடும் மிகுந்த இரக்கத்தோடும் காட்டுகிறார்.

மூன்றாம் முறை மேடையேறும்போது டிம்ஸ்டேல் தாமே பேசுகிறார். சில்லிங்வேர்த் அவரைப் பின்னிழுக்கிறான். உன் பெயரைக் கெடுக்காதே, நான் இன்னும் உன்னைக் காப்பாற்ற முடியும் என்கிறான். சிறையில் ஹெஸ்ரரை வென்ற அதே சொல். இம்முறை அது தோற்கிறது. அறிக்கையால் போதகர் தப்பிவிடுகிறார், பகைவன் வெறுமையாகிறான். ஆனால் ஹெஸ்ரர்? காட்டில் நாம் கனவு கண்டதிலும் இது நன்றல்லவா என்று அவர் கேட்க, எனக்குத் தெரியவில்லை என்று அவள் இருமுறை சொல்கிறாள். மறுமையிலேனும் சேர்வோமா என்ற அவள் கேள்வியையும் அவர் அடக்கிவிடுகிறார். நாம் மீறிய சட்டத்தை நினை என்கிறார். தம் மார்பில் வேதனையைத் தந்ததற்காகவும், அந்தக் கிழவனை அனுப்பியதற்காகவும் இறைவனின் இரக்கத்தைப் போற்றுகிறார். தமக்கு நேர்ந்தவற்றுள் எதெது அருள் என்று அவர் எண்ணிச் சொல்லும் அந்தக் கடைசிப் பட்டியலில், பகைவன் இருக்கிறான், ஹெஸ்ரர் இல்லை. அறிக்கை உண்மையானது, துணிவானது. எனினும் அது கடவுளையும் ஊரையும் நோக்கியது. ஏழாண்டு அவருக்காக வாய்மூடியிருந்தவளை நோக்கியதன்று.

அவ்வறிக்கையும் முழுதாகக் கேட்கப்படவில்லை என்பது பின்னர் தெரியவருகிறது. மதிப்புக்குரிய சாட்சிகள் சிலர், போதகரின் மார்பில் அடையாளம் எதுவும் இருக்கவில்லை என்றும், அவர் தம் குற்றத்தைக் கூறவேயில்லை என்றும், பாவியொருத்தியின் கைகளில் உயிர்விட்டு மனிதரெல்லாரும் பாவிகளே என்று உணர்த்தினார் என்றும் சாதித்தனராம். ஊர் தனக்கு வேண்டிய புனிதரை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை. 1692இல் சூனியக்காரிகளென்று பெண்களைத் தண்டித்த சேலம் நகர விசாரணையில் நீதிபதியாயிருந்த ஜோன் ஹதோர்ணின் வழிவந்தவர் இந்நாவலாசிரியர். மரியாதைக்குரிய சாட்சிகளைப் பற்றி அவருக்கு மயக்கங்கள் இல்லாதிருந்ததில் வியப்பில்லை.

சில்லிங்வேர்த் பற்றி ஒன்று கூறவேண்டியுள்ளது. இறக்கும்போது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் தனக்கிருந்த பெருஞ்சொத்தை அவன் பேர்ளுக்கு எழுதிவைக்கிறான். தன் மனைவியின் மகள். தன் மகள் அல்ல. தான் அழித்தவனின் மகள். ஏன் என்று ஆசிரியர் விளக்கவில்லை. சிறையில் ஒப்புக்கொண்ட முதல் தவறுக்கு ஈடா, பகைவனின் குருதியில் எஞ்சியதன் மீது கொண்ட பற்றா, வாரிசற்ற கிழவனின் வெறுமையா? ஒவ்வொன்றுக்கும் நாவலில் ஆதாரம் உண்டு. எதையும் உறுதிசெய்யும் ஆதாரம் இல்லை. பாத்திரத்தின் உள்நோக்கத்தை வாசகரிடமே விட்டுவிடும் ஆசிரியர், இத்தகைய இடங்களில்தான் நம்முடைய காலத்துக்கு நெருங்கியவராகிறார்.

பேர்ள் கடல்கடந்து வாழ்வு பெற்றபின் ஹெஸ்ரர் மட்டும் திரும்பி வருகிறாள். எவரும் வற்புறுத்தாமலே எழுத்தை மீண்டும் அணிந்துகொள்கிறாள். துயருற்ற பெண்கள் அவள் குடிசையைத் தேடி வந்து, தாம் ஏன் இத்தனை துன்பப்படுகிறோம், இதற்குப் பரிகாரம் என்ன என்று கேட்கின்றனர். அவள் அவர்களுக்கு இயன்றவரை ஆலோசனை கூறுகிறாள். அவர்கள் சொன்னவை எவை என்பதையும் அவள் வெளியிடவில்லை.

இறந்தபின் அவளை ஒரு பழைய கல்லறையின் அருகில் அடக்கம் செய்தனர். உறங்குபவரின் புழுதிக்கும் ஒன்றோடொன்று கலக்க உரிமையில்லை என்பதுபோல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி விடப்பட்டது. கல் மட்டும் இருவருக்கும் பொது. கரிய களத்தில் செந்நிற எழுத்தைக் காட்டும் கேடயமொன்று அதிற் காணப்படுவதாக நாவல் கூறுகிறது. பெயர்களைக் கூறவில்லை.